சின்னச் சக்கரங்களைக் கழற்றியாயிற்று, பேத்தி ஏற மறுக்கிறாள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால், பள்ளி விட்டதும் என்னிடம்தான் இருப்பாள். ஃபேரி வீல் (பின்சக்கரத்தின் இரு பக்கமும் வைக்கும் சின்னச் சக்கரங்கள்) பூட்டிய 16 அங்குலச் சைக்கிளை இரண்டு வருடமாக யார்டில் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் என் மகன் அவற்றைக் கழற்றிவிட்டு, "வேகம் கொடுத்தால் தானாக நிற்கும்" என்று சொல்லி, எங்கள் டிரைவ்வேயின் சரிவில் அவளைத் தள்ளிவிட்டான். கேட்டில் மோதி விழுந்தாள். முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. அன்றிலிருந்து சைக்கிளைத் தொடமாட்டேன் என்கிறாள். பரதநாட்டியத்தில் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும் பிள்ளைக்குச் சைக்கிளில் நிற்க ஏன் வரவில்லை? "நாங்களெல்லாம் குரங்குப் பெடல் போட்டு, விழுந்து எழுந்துதான் பழகினோம், மறுபடி தள்ளிவிடு" என்கிறார் அவள் தாத்தா. ஃபேரி வீலைத் திரும்பப் பூட்டச் சொல்கிறாள் என் மகள். மகனோ தன் மூத்த பிள்ளையின் 20 அங்குலச் சைக்கிளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஜூலை விடுமுறையில் பிள்ளைகள் எல்லாரும் பீச் ஃபிரண்டுக்குச் சைக்கிள் கொண்டு போகப் போகிறார்கள். அதற்குள் இவள் பழகிவிடுவாளா? இவளுக்கு ஏதாவது குறை இருக்குமோ என்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது.
ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்

அம்மா, வணக்கம்.

நீங்கள் கேட்டிருப்பவற்றில் அவசரமானதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபேரி வீலைத் திரும்பப் பூட்ட வேண்டாம். திரும்பத் தள்ளிவிடவும் வேண்டாம். மகன் கொண்டுவந்திருக்கும் பெரிய சைக்கிளைக் கொஞ்ச காலத்துக்குக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். பழைய சைக்கிளிலிருந்து சின்னச் சக்கரங்களைக் கழற்றிய கையோடு இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டு, அவள் தன் கால்களாலேயே தரையை உந்தி ஓட்டும்படி கொடுங்கள். பெரியவர்கள் யாரும் அதைப் பிடிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பெடலையும் எடுத்துவிட்டால் அது சைக்கிளே இல்லையே என்று உங்கள் வீட்டில் ஒருவராவது சொல்வார் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒற்றைக் காலில் நிற்பவளுக்குச் சைக்கிள் ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. நடனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் ஓரிடத்தில் ஊன்றியிருக்கிறது. அந்தப் பாதத்துக்கு நேர்மேலே உடலை வைத்திருப்பதற்காகக் கணுக்காலும் இடுப்பும் கைகளும் ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்துகொண்டிருக்கின்றன. சைக்கிளில் வேலை இதற்கு மாறானது. அங்கே உடல் சாய்கிற பக்கத்துக்குச் சக்கரங்களைக் கொண்டுபோய், உடலுக்கு அடியில் வைக்க வேண்டும். விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால்தான் நிற்கும், கையை அசைக்காமல் வைத்திருந்தால் விழுந்துவிடும். அந்தக் கை செய்கிற வேலையைச் சைக்கிளில் ஹேண்டில்பார் செய்கிறது. இடது பக்கம் சாயும்போது இடது பக்கமே ஒரு நூலளவு திருப்ப வேண்டும். புதிதாக ஏறுபவர்களின் மனமோ வலது பக்கம் திருப்பித் தப்பிக்கப் பார்க்கும், அப்படித் திருப்பினால் இன்னும் சீக்கிரம் விழுவார்கள். சாய்வை உணர்வது, அந்தப் பக்கம் திருப்புவது, நிமிர்ந்ததும் விடுவது ஆகிய மூன்றும் யோசித்துச் செய்ய நேரமில்லாத விரைவில் நடக்க வேண்டியவை என்பதால், வாயால் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. உடம்பு பலமுறை செய்து பார்த்துத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஃபேரி வீலின் கெடுதல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அது சைக்கிளைச் சாயவே விடுவதில்லை. சாயாத சைக்கிளில் மேலே சொன்ன மூன்றில் ஒன்றையும் பழக வழியில்லை. அது மட்டுமல்லாமல், வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் தள்ளப்படுவதால், இரண்டு சக்கரத்தில் உட்பக்கம் சாய வேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் சாய்கிற பழக்கமும் வந்துவிடுகிறது. இரண்டு வருடம் ஓட்டியதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. பெடலை விடாமல் மிதிக்கவும், எதிரே இருப்பதைப் பார்த்து ஒதுங்கவும் அவளுக்குத் தெரியும், அது பிறகு கைகொடுக்கும். ஆனால் நிமிர்ந்து நிற்பதை மட்டும் அவள் ஒரு நாளும் பழகவில்லை. சின்னச் சக்கரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிப் பூட்டிப் பழக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சைக்கிள் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறு பக்கச் சக்கரத்துக்குத் தொப்பென்று விழுந்து விழுந்து போகுமே தவிர, நடுவில் நிற்கப் பழகாது.

வேகம் கொடுத்தால் தானாக நிற்கும் என்று உங்கள் மகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆளில்லாத சைக்கிளை ஓரளவு வேகத்தில் தள்ளிவிட்டால் அது விழாமல் கொஞ்ச தூரம் போகும். சுழலும் சக்கரம் சாய்வை எதிர்ப்பதுதான் இதற்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விளைவை இல்லாமல் செய்துவிட்டுத் தாமே ஏறி ஓட்டிப் பார்த்தார். பெரிய சிரமமின்றி ஓட்ட முடிந்தது என்று 1970இல் எழுதினார். சாயும்போது முன்சக்கரம் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்படி சைக்கிள் அமைந்திருப்பதே முக்கியமான காரணம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஹேண்டில்பார் தடையின்றித் திரும்ப முடிந்தால்தான் இந்த உதவி கிடைக்கும். பயந்துபோன குழந்தை முழங்கையை விறைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியில் முன்சக்கரம் திரும்பாது. ஆகவே சரிவில் தள்ளிவிடப்பட்ட பிள்ளைக்கு வேகம் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று, வேகத்தால் வரவேண்டிய உதவி வரவில்லை. நிறுத்தவும் அவளுக்குத் தெரியாது. சாட்ஸ்வொர்த்தின் மேட்டு வீடுகளின் சிமெண்ட் டிரைவ்வேயையும், அதன் அடியில் இருக்கிற இரும்புக் கேட்டையும் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

தாத்தா சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை எப்படிப் பழகியது என்று அவரையே நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களின் சைக்கிளில் சீட் எட்டாததால், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, இன்னொரு காலால் தரையை உந்தி உந்தித்தான் முதலில் போயிருப்பார். சாய்ந்தால் அந்தக் காலை ஊன்றிக்கொள்ளலாம், சைக்கிளை விட்டுவிட்டுக் குதித்தும்விடலாம். யாரும் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவுமில்லை, எப்போது வேகம் கூட்டுவது என்பது அவர் கையில் இருந்தது. நான் இப்போது உங்கள் பேத்திக்குச் சொல்கிற முறையும் இதேதான். அவளுக்கு இரண்டு கால்களும் தரையில் எட்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். சொல்லப்போனால் இரண்டு சக்கர வண்டியே இப்படித்தான் தொடங்கியது. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்து ஓட்டிய வண்டிக்குப் பெடல் கிடையாது, உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தித்தான் அதை ஓட்டினார். பெடல் வந்தது 1860களில். எனவே பெடல் இல்லாத சைக்கிள் சைக்கிளே இல்லை என்று உங்கள் மகன் சொன்னால், இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி சைக்கிள். சீட்டில் முழு எடையோடு உட்கார்ந்திருக்கும்போது, டேக்கீஸ் (ரப்பர் அடியுள்ள துணிக் காலணி) போட்ட இரண்டு பாதங்களும் குதிகால் வரை தரையில் படிய வேண்டும். முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இதுதான் அளவு. வயதைப் பார்த்தோ, "வளர்ந்துவிடுவாள்" என்று கணக்குப் போட்டோ பெரிய சைக்கிள் கொடுப்பது நம் வீடுகளில் ரொம்பச் சாதாரணம். பள்ளிச் சீருடையைப் பெரிதாக வாங்குவதில் தீங்கில்லை, சைக்கிளில் அப்படிச் செய்யக் கூடாது. நுனிக்காலால் மட்டும் தரையைத் தொடுகிற பிள்ளைக்கு, விழப்போகும்போது தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பது ஏறிய கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு நீங்கள் எவ்வளவு தைரியம் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள், நம்பாமலிருப்பதே சரி. ஏழு வயதுக்கு 20 அங்குலம் பொதுவாகப் பொருந்தக்கூடியதுதான் என்றாலும், பழகுகிற காலத்தில் 16 அங்குலமே நல்லது.

கழற்றும் வேலையை மகனிடம் விடுங்கள், அவர் கையால் இது நடப்பது வேறொரு வகையிலும் நல்லது. பெரும்பாலான பெடல்களுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தும். வலது பெடலை எல்லா நட்டையும் போல் இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்ற வேண்டும்; இடது பெடலின் மரை தலைகீழானது என்பதால் அதை வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு மரையைக் கெடுத்துவிடுபவர்கள் உண்டு. ஃபேரி வீல் பூட்டியிருந்த இடம் பின்சக்கரத்தின் அச்சு. அவற்றைக் கழற்றியபின் அந்த அச்சு நட்டுகளை மீண்டும் இறுக்கினாரா, சக்கரம் நடுவில் நேராக இருக்கிறதா, செயின் தொங்காமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்டில் மோதிய சைக்கிள் என்பதால் ஹேண்டில்பார் முன்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், அந்த அளவுக்கு நிரப்புங்கள். காற்றுக் குறைந்த டயரில் உந்துவது கனமாக இருக்கும். பிள்ளை தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கடைசியாக, ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் பிடியைத் தொட்டுப் பாருங்கள். முனை கிழிந்து உள்ளிருக்கும் இரும்புக் குழாயின் வாய் தெரிந்தால், புதிய பிடி போடாமல் அந்தச் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஹெல்மெட் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சாலை விதிகளின்படி, பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர் எந்த வயதினராக இருந்தாலும் தாடைப்பட்டை பூட்டிய ஹெல்மெட் அணிந்தே ஆக வேண்டும். யார்டுக்குள் சட்டம் கேட்காது, சிமெண்ட் தரை கேட்கும். ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளிப் போட்டால் முன்பக்கம் விழும்போது உதவாது. பட்டைக்கும் தாடைக்கும் இடையில் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. அன்றைக்கு ஹெல்மெட் போட்டிருந்து அது கேட்டில் அடிபட்டிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் புதிது வாங்குங்கள். உள்ளிருக்கும் நுரை ஒரு அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஸ்லாப்ஸ் (ரப்பர் செருப்பு) போட்டுக்கொண்டு ஏறக் கூடாது.

இடத்துக்குத்தான் சாட்ஸ்வொர்த்தில் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், சமதரை குறைவு. உங்கள் டிரைவ்வே இந்த வேலைக்கு ஆகாது. ஞாயிறு அதிகாலையில் காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடம், அனுமதி கேட்டுப் பெற்ற பள்ளி மைதானம், கோயிலின் கார் நிறுத்தும் முற்றம் என்று ஏதாவதொன்றைப் பாருங்கள். குட்டையாக வெட்டிய புல்லில் விழுந்தால் வலிக்காது. ஆனால் புல்லில் சைக்கிள் நகர மறுக்கும். ஆகவே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குச் சரிவான புல்தரை கிடைத்தால் அதுவே சிறந்தது. சரிவு முடிந்து சமதரை வர வேண்டும், கேட்டோ சாலையோ வரக் கூடாது. டர்பனின் குளிர்காலம் இதற்கென்றே வந்தது போல இருக்கும். மழை குறைவு, வெயிலும் வாட்டாது. ஜனவரிப் புழுக்கத்தில் இதைத் தொடங்கியிருந்தீர்களானால் பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் கோபம் வந்திருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் அவள் சீட்டில் உட்கார்ந்தபடி நடந்தால் போதும். அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். நடை தானாக நீள எட்டுகளாக மாறும். எட்டுக்கு எட்டு நடுவே இரண்டு கால்களும் ஒரு கணம் காற்றில் இருக்கும். அந்தக் கணத்தில்தான் ஹேண்டில்பார் வேலை செய்யப் பழகுகிறது. பக்கத்தில் குனிந்து அவள் கைகளைப் பார்த்தீர்களானால், முன்சக்கரம் இடமும் வலமுமாக நூலளவு நடுங்கிக்கொண்டே போவது தெரியும். அதைக் கண்டு "நேராகப் பிடி" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த நடுக்கம்தான் சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறது. நாள் போகப் போக அது தானாகச் சிறிதாகிவிடும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் எதிரே பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்றுகொண்டு, விரல்களைக் காட்டி எத்தனை என்று அவளைச் சொல்லச் சொன்னால் தலை தானாக நிமிரும். இந்தக் கட்டத்திலேயே பிரேக்கும் பழகிவிட வேண்டும். உந்தி வந்து, தரையில் போட்ட ஒரு டேக்கீஸுக்கு முன்னால் காலை ஊன்றாமல் பிரேக்கால் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். சின்னக் கைக்குப் பிரேக் பிடி எட்டவில்லை என்றால் அதைக் கிட்டே கொண்டுவரப் பெரும்பாலும் ஒரு சிறு திருகாணி இருக்கும். கைப்பிரேக் இல்லாமல் பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்துகிற வகைச் சைக்கிளாக இருந்தால், பெடல் இல்லாதபோது பிரேக்கும் இல்லை என்பதை நினைவில் வைத்துச் சமதரையிலேயே பழக்குங்கள்.

ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு, நீங்கள் நிதானமாக ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி முடிக்கும் வரை போகவும், அப்படிப் போகும்போதே ஒரு பக்கம் வளையவும், சொன்ன இடத்தில் நிற்கவும் வந்துவிட்டால், கற்க வேண்டியதில் பெரும்பகுதி முடிந்தது. சில பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு ஒரு மாதம் ஆகும். விழுந்து பயந்த பிள்ளைக்கு நாள் கூடப் பிடித்தால் அது இயல்பு.

அந்தப் பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எல்லாரும் அதைப் போக்கிவிடவே பார்க்கிறார்கள். அவள் சைக்கிளுக்குப் பயப்படுவதைவிட, ஏறினால் மறுபடி யாராவது தள்ளிவிடுவார்கள் என்பதற்கே அதிகம் பயப்படுகிறாள் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, நடந்ததை வைத்து அவள் செய்த சரியான கணிப்பு. "ஒன்றும் ஆகாது" என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே ஒன்று ஆகிவிட்டது. அவள் மாமாவே அவள் முன்னால் பெடலைக் கழற்றி, அவள் கையில் கொடுத்து, "இனிமேல் நீ சொல்லாமல் யாரும் உன் சைக்கிளைத் தொடமாட்டோம்" என்று சொல்லட்டும். அதன்பின் அதைக் காப்பாற்றவும் வேண்டும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, "பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுகிற பழைய தந்திரத்தை நம்மில் பலர் அன்போடு நினைவுகூர்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பலித்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கதை சொல்கிறார்கள். பலிக்காத பிள்ளைகள் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். சைக்கிளை இரண்டு வாரம் யார்டில் சும்மா வையுங்கள், யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பெடல் இல்லாத சைக்கிள் ஆபத்தாகத் தோன்றாது. ஒரு நாள் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். மாமன் பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெடலைத் திரும்பப் பூட்டும் நாளில் கஷ்டமாக இருப்பது கிளம்புவது மட்டும்தான். ஒரு பெடல் சற்று முன்னால் மேலே, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கிற இடத்தில் இருக்க வேண்டும். அந்தக் காலை அழுத்தும்போதே மற்றக் காலால் தரையை ஓர் உந்து உந்தினால், அடுத்த பெடல் தானாக மேலே வரும். பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிளில் பெடலைச் சும்மா சுற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியாது, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். இதற்குப் புல்லைவிடச் சமமான சிமெண்ட் தரை நல்லது. பிடிக்கச் சொல்லி அவளே கேட்டால், ஹேண்டில்பாரைத் தொடாதீர்கள். நீங்கள் அதைப் பிடித்தால் ஓட்டுவது நீங்கள்தான். ஒரு துண்டை அவள் மார்பைச் சுற்றிக் கக்கத்தின் கீழாகக் கொண்டுவந்து, இரு முனைகளையும் முதுகுப்பக்கம் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கூடவே போகலாம். விழப்போனால் தாங்கும், மற்ற நேரத்தில் அவள் சாய்வதைத் தடுக்காது. விடப்போகும்போது சொல்லிவிட்டு விடுங்கள். நன்றாக ஓட்ட வந்தபின் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் மிதிப்பது எளிதாகும், அதற்குப் பிறகு 20 அங்குலத்தை வெளியே எடுக்கலாம்.

குறை இருக்குமோ என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். நான்கு முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். எட்டிலும் ஒன்பதிலும் பழகுபவர்களும் உண்டு, அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் பிறவியிலேயே சிரமப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் மட்டும் சிரமமாக இருக்காது. சட்டைப் பொத்தான் போடுவது, பந்தைப் பிடிப்பது, கத்தரிக்கோலால் வெட்டுவது, எழுதுவது, படியில் இறங்குவது என்று அன்றாட வேலை பலவற்றிலும் தட்டுத்தடுமாறுவார்கள். அரைமண்டியில் அமர்ந்து, கை ஒரு தாளத்துக்கும் கால் ஒரு தாளத்துக்கும் போட்டு ஆடுகிற பிள்ளையிடம் இதைத் தேட வேண்டியதில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏழு வயதில் எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யத் தடுமாறுகிறாள், புதிதாக ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாள் என்பது போல எதையாவது நீங்கள் கண்டால், சைக்கிளை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழகும்போது சிறிதாக விழத்தான் செய்வாள். சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவி மண்ணை எடுத்தால் போதும், மஞ்சள் பூசுகிறேன் என்று திறந்த புண்ணில் எதையும் அப்ப வேண்டாம். கையை ஊன்றி விழுந்து, மறுநாளும் மணிக்கட்டை அசைக்கத் தயங்கினால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கமில்லாத தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, வலிப்பு, நினைவிழப்பு இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். அரசு ஆம்புலன்சுக்கு 10177, செல்பேசியிலிருந்து 112. இனி, ரப்பர் பிடியைப் பார்க்கச் சொன்னதன் காரணம். மெதுவாக விழும்போதுகூட ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்தக்கூடும். வெளியே ஒரு சின்ன வட்டத் தழும்பு மட்டும் தெரியும், உள்ளே கல்லீரலிலோ மண்ணீரலிலோ கணையத்திலோ காயம் இருக்கலாம், அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வரலாம். அப்படிக் குத்தினால், பிள்ளை எழுந்து விளையாடினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஜூலைக்குள் பழகிவிடுவாளா என்றால், பழகலாம். ஆனால் ஜூலையைக் கெடுவாக அவள் காதில் போடாதீர்கள். பழகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பீச் ஃபிரண்டுக்கு அவளையும் அழைத்துப் போங்கள். கடலோர நடைபாதை அகலமானது, சமமானது, கார் வராதது. பழகுபவர்களுக்கு டர்பனில் அதற்கு ஈடான இடம் அதிகமில்லை. ஆனால் விடுமுறை நாளில் ஒன்பது மணிக்கு மேல் ஓடுபவர்கள், ஸ்கேட்போர்டு பிள்ளைகள், ரிக்‌ஷாக்கள் என்று அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். காலை ஏழுக்கெல்லாம் போய்விடுங்கள். யூஷாக்கா கடல் பூங்காவின் பக்கத்தைவிட வடக்கே புளூ லகூன் பக்கம் நெரிசல் குறைவாக இருக்கும். காற்று பலமாக அடிக்கிற நாளில், போகும்போது காற்றை எதிர்த்தும் வரும்போது காற்றோடும் இருக்கும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். களைத்துப்போன பிள்ளையால் எதிர்காற்றில் திரும்ப முடியாது. 15 மில்லிமீட்டர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு போனால், அன்றைக்கு அவளுக்குத் தைரியம் வராவிட்டால் பெடலைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். மாமன் பிள்ளைகளும் இரண்டு நாளில் தங்களுக்கும் அப்படிக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள். சாலைக்கு மட்டும், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், பெரியவர் ஒருவர் கூடவே சைக்கிளில் வந்தாலொழிய, இன்னும் சில வருடங்களுக்கு அவளை அனுப்பாதீர்கள். வருகிற டாக்சியின் வேகத்தைக் கணிக்கிற திறன் ஏழு வயதில் வருவதில்லை.